தண்ணீரைப் பூட்டியவர்

மருமகன் பிரணவன் கனடாவிலிருந்து நேரடியாக அழைப்பது அபூர்வம். மகள் வேணுஜாதான் அழைப்பாள், பேரனின் முகத்தைக் காட்டுவாள், அம்மா என்ன சமையல் என்று கேட்பாள். பிரணவன் தானாக அழைத்தால் யாருக்காவது பிறந்தநாளாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தலைபோகிற காரியமாக இருக்கவேண்டும். தை மாதத்தின் அந்தக் காலையில், மன்னாருக்குப் பக்கத்திலுள்ள நானாட்டானில் அந்த வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் இல்லை.

பரமேஸ்வரி குசினியில் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் நவரத்தினம் வயலுக்குப் புறப்பட்ட கோலத்தில், முற்றத்தில் நின்றபடியே போனைச் சத்தமாக வைத்துக் கதைத்தார். போனில் கதைப்பதென்றால் கனடாவுக்குக் கேட்கும்படி கத்தவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

"மாமா, கொட்டேஜில தண்ணி மெயினைப் பூட்டினனீங்கள்தானே?"

"ஓம் தம்பி. பூட்டிப்போட்டு ரெண்டாந்தரமும் கைவைச்சுப் பார்த்தனான். ஏன்?"

"மெயின் திறந்துதான் கிடக்குது மாமா. பைப் எல்லாம் வெடிச்சு, வீடு முழுக்கத் தண்ணி. கதவுக்குக் கீழால ஐஸ் வழிஞ்சு வந்திருக்குதெண்டு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் போய்ப் பார்த்தனான்."

குசினிக்குள் திருவலைச் சத்தம் நின்றது.

கொட்டேஜ் என்பது ரொறன்ரோவிலிருந்து வடக்கே, ஓர் ஏரிக்கரையில் பிரணவனும் வேணுஜாவும் வாங்கிப்போட்டிருந்த மரவீடு. கோடையில் போய் ஏரியில் குளிப்பார்கள், சிநேகிதரைக் கூப்பிட்டு இறைச்சி வாட்டுவார்கள். குளிர் தொடங்கிவிட்டால் அந்தத் திசைக்கு யாரும் தலைவைத்தும் படுப்பதில்லை. பாதி வருடம் சும்மா பூட்டி வைப்பதற்கென்றே ஒரு வீட்டை வாங்குகிறவர்களைப் பற்றிப் பரமேஸ்வரிக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. மருமகன் வாங்கியது என்பதால் அதை அவள் தன்னோடேயே வைத்திருந்தாள்.

மகளுடைய பிள்ளைப்பேற்றுக்காக அவர்கள் இருவரும் போன கோடையில் கனடாவுக்குப் போயிருந்தார்கள். ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய கிழமை, கொட்டேஜைக் குளிருக்காக மூட வேண்டும் என்று பிரணவன் அவர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். கைக்குழந்தையோடு வேணுஜா வீட்டில் நின்றுவிட்டாள். அங்கே மருமகன் மாமனாருக்கு விளங்கப்படுத்தினான். பைப்புக்குள் தண்ணீர் நின்றால் அது உறைந்து கட்டியாகும், கட்டியானால் பருக்கும், பருத்தால் இரும்பென்றும் பாராமல் பிளந்துபோடும். ஆகவே வீட்டுக்குத் தண்ணீர் வருகிற மெயினை நிலவறையில் பூட்டவேண்டும். பிறகு வீட்டிலிருக்கிற எல்லாப் பைப்பையும் திறந்து உள்ளே கிடக்கிறதை வடியவிட வேண்டும். திறந்தது திறந்தபடியே கிடக்கவேண்டும்.

நவரத்தினத்துக்கு இந்தக் கதை தேனாக இனித்தது. அவர் ஊரில் வட்டவிதானை. குளத்துத் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்று பார்ப்பதற்காகக் கமக்காரர்கள் கூடித் தெரிவு செய்த ஆள். வாய்க்கால் கதவைத் திருப்புகிற இரும்புச் சாவி, ஊர்ப் பேச்சில் திறப்பு, அவருடைய கையில்தான் இருக்கும். ஒரு போகம் அல்ல, பல போகமாக அவரையே தெரிவு செய்திருந்தார்கள். தண்ணீரைத் திறப்பதும் பூட்டுவதுமாக ஆயுளைக் கழித்த மனிதரிடம், ஒரு வீட்டின் தண்ணீரைப் பூட்டச் சொன்னால் சும்மா பூட்டுவாரா? நிலவறைக்கு இறங்கினார், பூட்டினார், மேலே வந்து ஒவ்வொரு பைப்பாகத் திறந்து, அது கடைசியாகக் கொப்பளித்து ஓய்கிறவரைக்கும் பக்கத்தில் நின்றார். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு, வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கட்டுவதற்காக மருமகனோடு ஏரிப்பக்கம் போனார்.

பரமேஸ்வரி தன்னுடைய சால்வையை எடுக்க வீட்டுக்குள் போனாள். போனவள் குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பானை சட்டி எல்லாம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. தொட்டி காய்ந்து கிடந்தது. பைப்புகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செத்தவீட்டில் பிரேதத்தை எடுத்த பிறகுதான் வீட்டுத் தண்ணீரை எல்லாம் ஊற்றிக் கழுவிப் பானைகளைக் கவிழ்ப்பார்கள். பச்சைக் குழந்தை இருக்கிற குடும்பத்தின் வீட்டை இந்தக் கோலத்தில் பூட்டிவிட்டுப் போவதா? அவள் வாழ்க்கையில் எந்த வீட்டையும் நிறைந்த ஒரு குடம் வைக்காமல் பூட்டியதில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது, ஊரே ஓடிக்கொண்டிருந்தபோது, நவரத்தினம் றோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தபோதுகூட, கிணற்றில் ஒரு குடம் அள்ளி நடுவீட்டில் வைத்துவிட்டுத்தான் அவள் படலையைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, அந்தக் குடமும் இல்லை. ஆனால் போனவர்கள் அத்தனைபேரும் உயிரோடு திரும்பி வந்தார்கள். அது குடத்தின் வேலை என்பது அவளுடைய கட்சி. அதை யாராலும் அசைக்க முடியாது.

காரில் போத்தல் தண்ணீர் இருந்தது. ஆனால் கடையில் வாங்கிய தண்ணீர் வீட்டுத் தண்ணீர் ஆகுமா? மருமகனைக் கேட்கவும் வாய் வரவில்லை. கோடையில் அவள் அவனுடைய புதுக்காரின் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்க, அவனுடைய சிநேகிதர்கள் அதைப் படம்பிடித்துச் சிரிக்க, வேணுஜா அவளை அறைக்குள் கூப்பிட்டு, "அம்மா, இஞ்ச உங்கட வேலையள் ஒண்டும் வேண்டாம். அவருக்குப் பிடிக்காது. எனக்குச் சத்தியம் பண்ணித் தாங்கோ" என்று கேட்டிருந்தாள். பரமேஸ்வரி சத்தியமும் பண்ணிக் கொடுத்திருந்தாள்.

அவள் ஜன்னலால் பார்த்தாள். ஆண்கள் இருவரும் வள்ளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். விறுவிறென்று நிலவறைக்கு இறங்கி, கணவர் திருப்பிய அந்தச் சிவப்புப் பிடியை மறுபக்கம் திருப்பினாள். மேலே எல்லாப் பைப்பும் ஒரேயடியாக அலறத் தொடங்கின. ஓடிப்போய், கவிழ்த்துக் கிடந்த ஒரு சின்னக் குடத்தை எடுத்துக் குசினிப் பைப்பில் நிறைத்தாள், பைப்பைப் பூட்டினாள், குளியலறைக்கு ஓடினாள், அங்கேயும் பூட்டினாள். குடத்தைக் குசினி மூலையில் வைத்து, பேரனுக்கு நோய்நொடி வரக்கூடாது என்று கும்பிட்டாள். வெளியே ஹோர்ன் அடித்தது. எல்லாப் பைப்பையும் பூட்டியாயிற்றா என்று இன்னொருமுறை பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அதை நினைக்கும்போதுதான் பின்னாளில் அவளுக்கு வயிறு எரியும். கவனமில்லாமல் விட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். இவள் கவனமாகப் பார்த்துப் பார்த்து அல்லவா அந்த வீட்டைக் கெடுத்தாள்!

நம்முடைய பக்கத்தில் நிலத்துக்குள்ளால் ஓடுகிற குழாய்க்கும் பைப் என்றுதான் பெயர், அதன் வாயில் திருகுகிற பொருளுக்கும் பைப் என்றுதான் பெயர். பைப்பைப் பூட்டினால் தண்ணீர் பூட்டுப்பட்டது, கதை முடிந்தது. நிலவறையில் அந்தச் சிவப்புப் பிடியைத் திரும்பவும் பூட்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. வாயைப் பூட்டினாலும் வயிற்றுக்குள் தண்ணீர் நிற்கும், அது உறையும், உறைந்தால் வெடிக்கும் என்று, தண்ணீர் ஒருநாளும் உறையாத ஊரில் பிறந்தவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மருமகன் விளங்கப்படுத்தியபோது அவள் சாப்பாட்டுக் கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் கதை ஆண்களின் கதை என்று காதைக் கொடுக்கவில்லை.

இப்போது, மெயின் திறந்து கிடக்கிறது என்ற சொல் முற்றத்திலிருந்து குசினிக்குள் வந்து விழுந்தவுடன் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையில் தேங்காய்ப் பாதியோடு அப்படியே இருந்தாள்.

"மாமியும் அங்கதானே நிண்டவா. மாமி ஏதும் கண்டவவோ?" என்றான் பிரணவன்.

நவரத்தினம் குசினிப் பக்கம் திரும்பினார். "நீ கண்டனியே, நான் பூட்டினதை?"

"நான் வெளியில நிண்டனான்" என்றாள் பரமேஸ்வரி.

அந்தப் பொய்யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. சுட்ட சட்டியிலிருந்து கை விலகுவதுபோல அது தானாக வந்துவிட்டது. மருமகன் அப்போது கத்தியிருந்தால், ஏசியிருந்தால், அவளுக்குக் கோபம் வந்து உண்மையைச் சொல்லியிருப்பாள். அந்தப் பிள்ளையோ நல்ல பிள்ளை. "பரவாயில்லை மாமா. வயசு போனா உதுகள் நடக்கும். மனசில ஒண்டும் வைச்சுக்கொள்ளாதேங்கோ" என்றான். அந்த நல்ல குணம்தான் நவரத்தினத்தை விழுத்தியது.

அன்று பின்னேரம் வேணுஜா தாயைப் போனில் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, அப்பாவை ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ. பெரியப்பாவுக்கும் இப்பிடித்தானே துவங்கினது."

நவரத்தினத்தின் தமையன் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளை அடையாளம் தெரியாமல், சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்கு வழி கேட்டவர். அந்தப் பயம் நவரத்தினத்தின் மனதில் ஏற்கெனவே ஒரு மூலையில் குந்திக்கொண்டுதான் இருந்தது. இப்போது அதற்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டது. முதல் சில நாட்கள், "நான் பூட்டினனான், எனக்கு நல்ல ஞாபகம்" என்றார். பிறகு, "பூட்டினமாதிரித்தான் கிடக்குது" என்றார். மாசி பிறக்கும்போது அந்தக் கதையையே எடுப்பதில்லை.

வயலுக்குப் போகிறவர் பாதி வழியில் மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, படலையைச் சாத்தினாரா என்று பார்த்துவிட்டுப் போவார். வாய்க்கால் கதவைத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வருவார், சோற்றில் கைவைப்பார், எழுந்துபோய் மறுபடியும் கதவைப் பார்ப்பார். ஒருநாள் பக்கத்து வயல்காரன் சந்தியோகு வந்து பரமேஸ்வரியிடம், "அக்கா, அண்ணைக்கு என்ன நடந்தது? தான் திறந்த கதவைத் தான் திறந்ததோ எண்டு என்னட்டக் கேக்கிறார்" என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவள் உள்ளே போய் அழுதாள்.

சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எத்தனையோ சந்தர்ப்பம் வந்தது. ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் அவளிடம் ஒரு சாட்டு இருந்தது. மாமி குடம் வைத்து வீட்டைக் கெடுத்தா என்று சம்பந்தி வீட்டில் கதைப்பார்கள், மகளுக்குத்தான் தலைகுனிவு என்று முதலில் நினைத்தாள். பேரனைப் பார்க்க இனிக் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்தாள். அங்கே வீடு திருத்தி முடியட்டும், அவர்களுடைய மனம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டாள். பிறகு அறுவடை வந்தது, அறுவடை முடியட்டும் என்றாள். மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய டொக்டர், ஐயாவுக்கு ஒன்றுமில்லை, நல்ல ஞாபகம் என்று சொன்னபோது, கடவுளே, இதோடு எல்லாம் சரி, நான் வாயைத் திறக்கத் தேவையில்லை என்று சந்தோஷப்பட்டாள். ஆனால் பஸ்ஸில் வரும்போது நவரத்தினம், "துவக்கத்தில டொக்டர்மாருக்குத் தெரியாது. அண்ணைக்கும் இப்பிடித்தான் சொன்னவை" என்றார்.

பங்குனியில், கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்கான கமக்காரர் கூட்டம் வந்தது. அந்தக் காலையில் நவரத்தினம் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, வாய்க்கால் திறப்பை எண்ணெய் போட்டுத் துடைத்து மேசையில் வைத்திருந்தார்.

"இதை என்னத்துக்குக் கூட்டத்துக்குக் கொண்டு போறியள்?" என்று பரமேஸ்வரி கேட்டாள்.

"குடுக்கப் போறன். சந்தியோகு செய்யட்டும்." குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. "சிறுபோகத்தில தண்ணி மட்டுமட்டு. நான் ஒருநாள் பூட்ட மறந்தால் கடைக்கோடி வயல்காரன் செத்தான். ஊராற்ற தண்ணியில நான் விளையாடக்கூடாது."

அவள் மேசையிலிருந்த திறப்பைக் கையால் மூடினாள். "இஞ்சருங்கோ, அந்த மெயினை நான்தான் திறந்தனான்."

நவரத்தினம் சேட்டுப் பொத்தானில் கையை வைத்தபடி நின்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கவிழ்த்துக் கிடந்த பானைகளை, நிலவறைக்கு இறங்கியதை, பைப்புகள் அலறியதை, குடத்தை, ஹோர்ன் சத்தத்தை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழுகைக்குள்ளால் சொல்லி முடித்தாள். அவர் கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அவள் சொல்லி முடித்ததும், கனகாலத்துக்குப் பிறகு அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"எவ்வளவு நாளாய் இதை யோசிச்சுக்கொண்டிருந்தனி?"

"யோசிக்கேல்லையப்பா. நடந்தது!"

"நடந்திருந்தால் தம்பி போன் எடுத்த அண்டைக்கே சொல்லியிருப்பாய்."

"பயத்தில சொல்லேல்லை. பிள்ளையை நினைச்சு..."

"விசர்க்கதை கதையாத." அவர் கிட்ட வந்து அவளுடைய தோளில் கைவைத்தார். "தைக்குப் பிறகு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். டொக்டரிட்டப் போகேக்கை பக்கத்தில இருந்தனி. நான் செய்யேல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டு இருந்திருப்பியோ? நீ அப்பிடிப்பட்டவள் இல்லை, பரமேசு."

இதைவிட அவர் அவளுடைய கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். அப்படிப்பட்டவள்தான் என்று ஒரு பெண் தன் புருஷனிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னாலும் எப்படி நிரூபிப்பது?

மகளுக்கு அழைத்தாள். அங்கே இரவு. வேணுஜா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். அம்மா மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "குடம் வைக்கிறதுக்கு ஆரும் மெயினைத் திறப்பினமோ அம்மா? காருக்குள்ள எப்பவும் போத்தல் தண்ணி இருக்குமே" என்றாள்.

"அது கடைத்தண்ணி பிள்ளை! குசினி மூலையில பாருங்கோ, அந்தச் சின்னக் குடம் இருக்கும்."

"குசினியே இல்லை அம்மா. வேலையாக்கள் வந்து எல்லாத்தையும் கழட்டி அள்ளி எறிஞ்சிட்டாங்கள்." வேணுஜா குரலைத் தாழ்த்தினாள். "அப்பா பக்கத்தில நிக்கிறாரோ? எனக்கு விளங்குது அம்மா. அவருக்கு ஆறுதலா இருக்குமெண்டால் நாங்களும் அப்பிடியே சொல்லுறம். இவருக்கும் சொல்லி வைக்கிறன். நீங்கள் அழாதேங்கோ."

மகள் இவ்வளவு அன்பாக அவளோடு கதைத்து எவ்வளவோ காலம். பரமேஸ்வரி போனை மேசையில் வைத்தாள். வாழ்க்கையில் அவள் சொன்ன எத்தனையோ சின்னச் சின்னப் பொய்களை இந்த வீடு ஒரு கேள்வி கேட்காமல் விழுங்கியிருக்கிறது. இந்த ஓர் உண்மையை மட்டும் யாரும் வாங்கிக்கொள்கிறார்கள் இல்லை. நேரத்தோடு கொடுத்திருந்தால் வாங்கியிருப்பார்கள். அவளே அதைப் பதுக்கி வைத்து, கெடவிட்டு, இப்போது கொண்டுவந்து நீட்டினாள்.

நவரத்தினம் திறப்பை எடுத்து ஒரு பழைய துவாயில் சுற்றினார். அவள் படலைவரைக்கும் பின்னால் போனாள். "கொஞ்சம் நில்லுங்கோ, நானும் கூட்டத்துக்கு வாறன், எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்" என்று கெஞ்சினாள்.

"சொன்னால் சனம் என்ன நினைக்கும்? பாவம், மனுசனைக் காப்பாத்தப் பொய் சொல்லுறா எண்டு நினைக்கும். எனக்கும் வெக்கம், உனக்கும் வெக்கம்." மோட்டார்சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் அவளைப் பார்த்தார். "ஆனால் நீ சொன்னது எனக்குக் காணும். எனக்காக இப்பிடி ஒரு கதையைச் சோடிக்க ஆருக்கு வரும்?"

அவர் போய்விட்டார். தான் கூட்டத்துக்கு நடந்து போனால் என்ன என்று அவள் நினைத்தாள். செருப்பையும் போட்டாள். கூட்டம் நடக்கிற கமநல நிலையத்தின் மண்டபத்தில் அத்தனை ஆண்களுக்கு முன்னால் எழுந்து நின்று சொல்வதாகவும், சந்தியோகு எழுந்து, அக்கா இருங்கோ, எங்களுக்கு விளங்குது என்று சொல்வதாகவும் மனதில் ஓடியது. செருப்பைக் கழற்றிவிட்டு, உலையில் அரிசியைப் போட்டாள்.

மத்தியானம் நவரத்தினம் வெறுங்கையோடு வந்தார். "ஒருத்தரும் விடமாட்டன் எண்டவை. நான்தான் பிடிவாதமாய்க் குடுத்திட்டன்" என்று முற்றத்திலிருந்தே சொன்னார். கிணற்றடிப் பைப்பைத் திறந்து காலைக் கழுவினார், பூட்டினார். குசினி வாசலில் நின்ற அவள் அவர் பூட்டியதைப் பார்த்தாள். அவர் படிக்கட்டுவரைக்கும் வந்தவர் நின்றார். இத்தனை நாளும் இப்படி நின்றால் திரும்பிப் போய்ப் பார்ப்பார். இன்றைக்குத் திரும்பிப் போகவில்லை.

"பரமேசு, நான் பைப்பைப் பூட்டினனானோ?"

"ஓம், பூட்டினீங்கள்" என்றாள்.

அவள் சொன்னதை நம்பி அவர் சாப்பிட உள்ளே வந்தார்.